எண்ணெய் வைத்த கை

மத்தியானம் மூன்று மணி. கடலை ஒட்டிப் போகும் ரோடு. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் உப்புப் பூத்த மணல். முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஓர் ஆடுகூட இல்லை. ஆம்னி வேனை நான் ஓட்டிக்கொண்டு போகிறேன். பின் சீட்டில் அக்கா தூங்கிவிட்டாள். அவள் பக்கத்தில் மச்சான்... கண்ணைத் திறந்தபடி. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பேய்க் கதை என்றால் ராத்திரியில் ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். இது நல்ல வெயிலில் நடந்தது. இருட்டைக் கண்டு நான் பயப்படுவதில்லை. சாப்பிட்ட பிறகு தெரு அடங்கும் பாருங்கள், அந்த நேரம்தான் எனக்கு ஆகாது.

இரண்டாயிரத்து எட்டில் எங்கள் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் நடக்கும்போது அடிக்கடி கரண்டு போகும். தையல் மிஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் நிற்கும். அந்தச் சத்தம் நின்றதும் காது அடைத்த மாதிரி ஓர் அமைதி வரும். கட்டிங் டேபிளைச் சுற்றி எல்லோரும் நெருக்கி உட்காருவார்கள். நடுவில் ஒரு எமர்ஜென்சி விளக்கு. யாராவது ஆரம்பிப்பார்கள். "ஒரு சாயப்பட்டறை முதலாளி... கடலோரமா ஒரு பழைய ஓட்டலுக்குப் போனாராம்..."

ஒவ்வொரு வாயிலும் கதை ஒவ்வொரு மாதிரி. ஒருத்தி பேய்க்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டாள். இன்னொருத்தி கொலுசு போட்டுவிட்டாள். செக்கிங் நல்லம்மாள் ஒரு நாள் என் பக்கம் திரும்பி, "சூப்ரவைசரண்ணா, சிரிக்காதீங்க. இது நெசமா நடந்ததுங்க. அந்த மொதலாளியோட மச்சினன், என்ர கொழுந்தனாருக்குச் சிநேகிதமுங்க" என்றாள்.

"அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த மச்சினன் நான்தான். அவள் கொழுந்தனார் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவும் போய் இரண்டு வருஷமாகிறது. இனி எழுதினால் யாருக்கும் நோகாது. வெள்ளைச் சேலையும் கொலுசும் இல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா பேர் விஜயராணி. அவள் வீட்டுக்காரர் தங்கதுரை மச்சானுக்கு வீரபாண்டியில் ஒரு சின்ன சாயப்பட்டறை இருந்தது. அங்கே பெருமாள்சாமி என்று ஒருவன் வேலை பார்த்தான். விளாத்திகுளம் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சி முத்துப்பேச்சியும் திருப்பூரில்தான் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். பெருமாள்சாமிக்கு மத்தியானச் சோறு அக்கா வீட்டில். நகக் கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் இருக்கும். சோற்றில் பட்டுவிடுமோ என்று கரண்டியால் சாப்பிடுவான்.

சனிக்கிழமை மச்சான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். முதுகு தேய்த்துவிடுவது அவன் வேலை.

"ஏன்டா, துணி கசக்கற மாதிரியே கசக்கறயே."

"சாயம் போகுதான்னு பாக்கேன் மொதலாளி."

வாரா வாரம் இதே பேச்சு. வாரா வாரம் அக்கா சமையலறையிலிருந்து சிரிப்பாள்.

இரண்டாயிரத்து ஆறு, ஜூலை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கழிவுத் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் இழுக்கவில்லை. அடியில் கட்டியிருந்த சேறு குழாயை அடைத்துக்கொண்டது. மறுநாள் விடிகாலையில் ஒரு லாட் சாயம் முடித்துக் கொடுத்தாக வேண்டும். மற்ற நாட்களில் மூடியைத் திறந்து, விஷவாயு போக வெகுநேரம் காற்றாட விடுவார்கள். அதற்கப்புறம்தான் ஆள் இறங்குவது. அன்றைக்கு விடவில்லை.

"கொஞ்சம் எறங்கிப் பாத்துட்டு வந்துர்றா" என்றார் மச்சான் பெருமாள்சாமியிடம்.

இறங்கியவன் மேலே அண்ணாந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தானாம். சொல்லவில்லை. கால் மடங்கி உட்கார்ந்தான். ரொம்ப மெதுவாக... அலுப்பாக இருக்கிறவன் உட்காருவானே, அப்படி.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். ஒருவர் இறந்துபோனால், எடுப்பதற்கு முன்னால் தலைக்கு எண்ணெய் அரப்பு வைப்போம். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய். இன்னொன்றில் உசிலை இலைப் பொடியைத் தண்ணீரில் கரைத்த அரப்பு. சொந்தபந்தம் ஒவ்வொருவராக வந்து, இடது கையைத் திருப்பி, புறங்கையால் தொட்டுத் தலையில் வைத்துவிட்டு நகர்வார்கள். உயிரோடு இருக்கிறவருக்கு உள்ளங்கையால் தேய்ப்போம். போனவருக்குப் புறங்கை. விளையாட்டுக்குக்கூட யாரும் இன்னொருவர் தலையில் புறங்கையை வைக்க மாட்டோம்.

பெருமாள்சாமியை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள் என்று அக்கா நினைத்தாள். தம்பிக்குச் செய்வது போலச் செய்ய வேண்டும் என்று எண்ணெய் எடுத்து வைத்தாள், அரப்புக் கரைத்தாள், வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மச்சான் மட்டும்தான் வந்தார்.

"எங்கீங்க?"

"ஊருக்கு அனுப்பிச்சாச்சு."

"ஊட்டுக்குக் கொண்டாரலையா?"

மச்சான் உள்ளே போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் கூட்டம் கூடும், பேச்சு வளரும், பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று பயம். ஆஸ்பத்திரி வாசலிலேயே வேனில் ஏற்றி, முத்துப்பேச்சியையும் ஏற்றி அனுப்பிவிட்டார். போகிற இடத்தில் உடம்பைச் சுற்றிய கட்டைப் பிரிக்க விடாதே, உடனே எடுக்கச் சொல் என்று டிரைவரிடமும் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா கரைத்து வைத்த அரப்பு கிண்ணத்தில் காய்ந்துபோயிற்று. காலையில் முருங்கை மரத்தடியில் கொட்டினாள்.

காரியம் முடிந்து முத்துப்பேச்சி திரும்பி வந்தாள். அக்காவைப் பார்க்க வந்தவள் சுவரோரம் நின்றுகொண்டே பேசினாள். அழவில்லை.

"ஊரே கிண்ணத்தோட வரிசையா நின்னுச்சுக்கா. கட்டப் பிரிக்கக் கூடாதுன்னுட்டாரு டிரைவரு. தலையில ஒரு சொட்டு எண்ணெ வைக்க விடல. நின்ன சனம் நின்ன மானிக்கே திரும்பிப் போச்சு."

உள் அறையில் படுத்திருந்த மச்சான் இதைக் கேட்டார். அன்றைக்குப் போனது அவர் தூக்கம்.

டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள். "மாத்தரை போட்டா இமை மட்டும் மூடுது கண்ணு. உள்ள முழி ஓடிட்டே இருக்குது" என்பாள் அக்கா. ஆள் பாதியாகிவிட்டார். சட்டை தோளில் நிற்காது. நாலு மாசம். கோயம்புத்தூரில் ஒரு பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இருதயம் களைத்துவிட்டது, எப்படியாவது தூங்க வையுங்கள், இல்லாவிட்டால் தை மாசம் பார்ப்பது சிரமம் என்றார். நான் அதை அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லையோ என்னவோ.

சோமனூரில் தறி ஓட்டும் ஒரு சிநேகிதர்தான் அந்த ஓட்டலைச் சொன்னார். கீழைக் கடற்கரையில் இருக்கிறது. பேர் வேண்டாம், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். மூட்டுவலி வந்த துரைகளும் பிள்ளை பெற்று மெலிந்த துரைசாணிகளும் கடல் காற்றுக்கும் உப்புநீர்க் குளியலுக்கும் மாசக்கணக்கில் வந்து கிடப்பார்களாம். பிறகு ஒரு ஜமீன் கைக்குப் போயிற்று. இப்போது மூலிகை எண்ணெய் வைத்தியம். "அங்க போனா கல்லும் தூங்கும்" என்றார் சிநேகிதர்.

நாங்கள் போய் இறங்கியபோது மூன்று மணி தாண்டியிருந்தது. தூண்கள் ஒவ்வொன்றும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அடியில் உப்பு அரித்துச் செங்கல் தெரிந்தது. வரவேற்பில் பிரிசில்லா என்ற பெண் இருந்தாள். நல்ல பெண். இடத்தைச் சுற்றிக் காட்டினாள். துரைமார் படம், பிரம்பு நாற்காலி, ஆள் இழுத்து வீசும் பழைய விசிறி. கடைசியில் ஒரு கதவைத் திறந்தாள். உள்ளே தரைக்குக் கீழே இறங்கும் ஒரு வெள்ளைக்கல் தொட்டி. பிடித்துக்கொண்டு இறங்க இரும்புச் சங்கிலி. அந்தக் காலத்தில் கடல் தண்ணீரை இதில்தான் நிரப்புவார்களாம்.

"இப்பவும் குளிக்கலாம் சார். ஒடம்புக்கு ரொம்ப நல்லது. இறங்கிப் பாக்குறீங்களா?"

மச்சான் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

"தொட்டி வேண்டாமுங்க. எண்ணெய் மட்டும் போதும்" என்றார்.

அறைக்குப் போனதும் அக்கா வழக்கம்போலத் துணியில் குறை பார்க்க ஆரம்பித்தாள். கட்டிலில் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "ஏனுங், இங்க பாருங்க. இத்தனை பெரிய ஓட்டல்ல இழை விட்டுப்போன துண்டு." மச்சான் எழுந்து வந்தார். அதன் நீலக் கரையைத் தண்ணீரில் நனைத்து, தன் வெள்ளை வேட்டியில் அழுத்தித் தேய்த்தார். வேட்டியை வெளிச்சத்தில் பார்த்தார். "ஒட்டலை. சாயம் நல்ல சாயம்தான்." நாலு மாசமாக அவர் துணியைப் பற்றிப் பேசியதே இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

எண்ணெய் அறை தோட்டத்தின் கடைசியில், கடலைப் பார்த்து இருந்தது. ஓட்டுக் கூரை. சாய்ந்த மரச் சட்டங்கள் வைத்த ஜன்னல். உள்ளே ஒரே மரத்தில் குடைந்த பலகை. மேலே வழியும் எண்ணெய் ஓரத்துக் குழிவில் ஓடி, கீழே பித்தளைப் பாத்திரத்தில் சொட்டும். தேய்ப்பவர் பேர் சுப்பையன். அறுபது வயசிருக்கும். அந்த ஊர்க்காரர்.

முதல் நாள் மச்சான் தூங்கவில்லை. முடிந்ததும் சுப்பையன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "ஐயா, ஒடம்ப எங்கிட்ட குடுத்துட்டு நீங்க தூங்குங்கன்னு சொன்னேன். குடுக்க மாட்டேங்கிறாரே. ரெண்டையும் அவரே புடிச்சு வச்சிருந்தா நான் எங்கேர்ந்து தேய்க்கிறது?"

மச்சான்கூடக் கொஞ்சம் சிரித்தார்.

இரண்டாம் நாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. ஓட்டல் முழுக்க அடங்கிவிட்டது. காற்று நின்றுபோயிருந்தது. மூன்று மணிக்கு மச்சான் தானாகவே எழுந்து எண்ணெய் அறைக்குப் போனார். சுப்பையன் முன்னாடியே வந்து உள்ளே இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ் போடும் சத்தம்.

நானும் அக்காவும் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அலைகூட அன்றைக்கு மெதுவாகத்தான் வந்தது. பாத்திரத்தில் எண்ணெய் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

சொட்...

சொட்...

அப்புறம்... குறட்டை.

மச்சானின் குறட்டை. முதலில் மெல்ல, பிறகு வழக்கமான அந்த இழுப்பு. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "கேட்டயா சாமி, கேட்டயா" என்று என் கையைப் பிடித்து ஆட்டினாள். "ஒரு காலத்துல இந்தச் சத்தத்துக்குப் பயந்து கூடத்துல போய்ப் படுப்பேன்."

அப்போது பின் கேட்டில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. சுப்பையன் இறங்கினார். வியர்த்து ஊற்றியது.

"மன்னிச்சுக்குங்கம்மா. வழியில பஞ்சரு. ஐயா ரொம்ப நேரமா காத்திருக்காரா?"

அக்கா என் கையை விடவில்லை. சுப்பையனுக்கும் அந்தக் குறட்டை கேட்டது. எண்ணெய் சொட்டுவதும் கேட்டது. முகம் மாறிவிட்டது.

"யாரு... எண்ணெ விடுறது?"

மூன்று பேரும் ஜன்னலுக்குப் போனோம். சட்டங்களுக்கு நடுவே விரலளவு இடுக்கு. முதலில் மச்சானின் நெற்றி தெரிந்தது. மூடிய கண். திறந்த வாய். உள்ளே மூலிகை எண்ணெயின் கற்பூர வாசம் இல்லை. பச்சையாக, லேசாகக் கசப்பாக... அரப்பு. அந்தப் பக்கத்தில் யாரும் அரப்பு பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

அவர் தலைக்குப் பின்னால் ஒரு கை. இடது கை.

அது திரும்பியது. புறங்கையைக் கிண்ணத்தில் தொட்டது. மச்சானின் உச்சந்தலையில் வைத்தது. எடுத்தது. நகக் கண்ணில் கருநீலம்.

அந்தக் கைக்கு மேலே தோள் இருந்ததா, முகம் இருந்ததா... நான் பார்க்கவில்லை. இடுக்கு அவ்வளவுதான் காட்டியது. குனிந்தால் தெரிந்திருக்கும். நான் குனியவில்லை.

கை விலகியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஒருவர் நகர்ந்து அடுத்தவர் வந்து நிற்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு. மறுபடி கை வந்தது. இது வேறு கை. கிழடு, நரம்பு புடைத்தது. தொட்டது, வைத்தது, போயிற்று. மறுபடி இடைவெளி. பிறகு வளையல் போட்ட ஒன்று. பிறகு ஒரு சின்னக் கை, எட்டாமல் எட்டி...

நான் கதவுப் பக்கம் ஓடினேன். தோளால் மோதத்தான் போனேன். அக்கா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம்."

"அக்கா, அது எதுக்கு வெக்கறதுன்னு உனக்குத் தெரியுமல்ல?"

"தெரியும்."

"அந்த வாசம்..."

"நான் கரைச்சதுதான். எனக்குத் தெரியாதா." அவள் குரல் ஏறவே இல்லை. "தூங்கறாரு சாமி. விடு."

சுப்பையன் ஜன்னலை விட்டுப் பின்னால் நகர்ந்தார். "எங்க ஊர்லயும் போனவங்களுக்குத்தாம்மா இப்படிப் பொறங்கையால..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சைக்கிளை எடுத்தார். ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே போனார். கேட் வரைக்கும் மணல் நெரிகிற சத்தம் கேட்டது.

நான் அக்காவின் கையை உதறியிருக்கலாம். அவளுக்கு என்ன பலம், எலும்பும் தோலுமாக இருந்தாள். உதறவில்லை. அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வெயில் சாய்ந்த பிறகு தாழ் திறந்தது. மச்சான் வெளியே வந்தார். குழந்தை தூங்கி எழுந்த முகம். கன்னத்தில் பலகையின் கோடு. "பசிக்குதுடீ" என்றார். தோசையும் மீன் குழம்புமாக அவர் சாப்பிட்டதைப் பார்த்து, பிரிசில்லா சமையல்காரரையே வெளியே கூட்டிவந்து காட்டினாள். அக்கா அவருக்கு முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் நானும் மச்சானும் கடலோரம் நடந்தோம்.

"மாப்ள, யாரோட கைன்னு நான் கண்ணத் தொறந்து பாக்கலை. பாத்தா போயிருவானோன்னு இருந்துச்சு."

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"முதுகுல அந்தக் கை பட்டவொடனே தெரிஞ்சு போச்சு. துணி கசக்கற கை." கொஞ்ச தூரம் நடந்தார். "ஒரு வார்த்தை கேட்டரலாம்னுதான் வாயத் தொறந்தேன். மன்னிச்சிருடான்னு. அதுக்குள்ள தூங்கிட்டேன் மாப்ள. அதைக்கூடக் கேக்காமத் தூங்கிட்டேன்."

"நாளைக்குக் காலையில கெளம்பிரலாமுங்க மச்சான்."

"நாளைக்குக் கேக்கறேன்" என்றார் அவர்.

அக்காவிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுல, எங்கண்ணு முன்னால, ஒவ்வொரு ராத்திரியும் உக்காந்தே கரையறாரே, அத நீ பாத்திருக்கயா? தையைப் பாக்க மாட்டார்னு நீதான சொன்ன. போறவரு தூங்கிட்டுப் போகட்டுமே." பிறகு இன்னொன்றும் சொன்னாள். "அவனுக்குக் கெடைக்காதத அவன் குடுக்கறான். வேண்டாம்னு சொல்ல நாம யாரு கண்ணு?"

வேன் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. ராத்திரி முழுக்க அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. மச்சானைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு நான் கிளம்பியிருக்கலாம்.

மூன்றாம் நாள் சுப்பையன் வரவில்லை. லீவு சொல்லிவிட்டாராம். பிரிசில்லா சங்கடத்தோடு வந்து, வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம் சாமி" என்றாள் அக்கா. "ஆளு வந்தாச்சு."

மச்சான் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, எண்ணெய் அறைக்குப் போனார். வாசலில் திரும்பி அக்காவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருவது போல வாய் திறந்தது. சொல்லவில்லை. தாழ் விழுந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தோம். சொட்... சொட்... குறட்டை வந்தது. முந்தின நாளைவிட ஆழமாக. அக்கா இமைக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே... அடுத்தது வரவில்லை.

நான் எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு. இன்னும் சொட்டுது."

எண்ணெய் சொட்டுவது நிற்கும் வரை அவள் என்னை விடவில்லை. நின்ற பிறகுதான் எழுந்தாள்.

தாழ் தானாகத் திறந்திருந்தது. அறையில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. எண்ணெய்ச் சட்டி துணி கட்டியபடியே இருந்தது. இருதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பிரிசில்லா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவ்வளவு அமைதியான முகத்தை நான் பார்த்ததில்லை ஆன்ட்டி என்றாள்.

மச்சான் போனபிறகு அக்கா தூக்கமில்லாமல் கிடந்தாள் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். அவள் நன்றாகத் தூங்கினாள். படுத்தால் தூங்கிவிடுவாள். அதுதான் அவளைத் தின்றது. காலையில் எழுந்து பாயில் உட்கார்ந்து, "இன்னைக்கும் தூங்கிட்டேன் பாரு" என்பாள், வீட்டில் எதையோ களவு கொடுத்தவள் மாதிரி. கடைசி வரைக்கும் தலைக்கு எண்ணெய் தொடவில்லை. முடி செம்பட்டை பாய்ந்து, நார் நாராக உதிர்ந்தது.

மச்சானை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நடந்த ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனியில் சொல்லும் கதையிலும் அது கிடையாது.

வீரபாண்டி வீட்டு வாசலில் கிடத்தியிருந்தோம். எண்ணெயும் அரப்பும் தயார். சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு கைதான் வைக்க வேண்டும். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது கை பட்டால் அந்த வீட்டில் இன்னொன்று விழும் என்பார்கள். அதனால் ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று, எந்த வீடு, எந்த வீடு என்று கேட்டுக் கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

வரிசையில் முத்துப்பேச்சி நின்றாள்.

யாரும் அவளுக்குத் தகவல் சொல்லவில்லை. எப்படித் தெரிந்து வந்தாளோ. அவளைப் பார்த்ததும் யாரோ தடுக்கப் போனார்கள். அக்கா எழுந்து வந்தாள். கிண்ணத்தைத் தானே எடுத்து முத்துப்பேச்சி முன்னால் நீட்டினாள். கிண்ணத்தில் எண்ணெய் அலம்பியது.

"வெய்யி கண்ணு. உன்ர கையில வெய்யி."

எனக்குப் புரிந்தது. முத்துப்பேச்சி வைத்துவிட்டால் அக்காவுக்கு அது போதும். மீதிக் காலத்தை அதை வைத்துக்கொண்டே ஓட்டிவிடுவாள்.

முத்துப்பேச்சி குனிந்தாள். இடது கையைத் திருப்பினாள். தலைக்கு ஒரு சாண் மேலே அந்தக் கை நின்றுவிட்டது. மச்சானின் தலையை உற்றுப் பார்த்தாள். மூச்சை இழுத்து மோந்தாள்.

கையை எடுத்து, ஈரமே படாத அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக் கை வச்சாச்சேக்கா" என்றாள். "எங்க ஊரே வச்சுட்டுப் போயிருக்கு. நான் எப்படி ரெண்டாவது வைக்க?"

கோபமாகச் சொல்லவில்லை. நியாயம் கேட்பது போலச் சொன்னாள். அக்காவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு நிமிர்ந்து அக்காவின் தலையைப் பார்த்தாள். வகிட்டிலிருந்து உச்சி வரை, எங்கே வைப்பது என்று இடம் பார்ப்பவள் மாதிரி, நிதானமாக.

அப்புறம் திரும்பி, என் தலையைப் பார்த்தாள்.